முடியாதா, கூடாதா

பேசுகிறவர் அடுத்த வாக்கியத்துக்குத் தாவுவதற்குள் அக்காவின் வலது கை உயர்ந்துவிடும். சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கப் போகிறவரின் கை மாதிரிக் கொஞ்சம் தயங்கித்தான் உயரும். "கொஞ்சம் நில்லுங்க" என்பார். கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரியாக இருந்தால் அதையே மரியாதையான சிங்களத்தில் சொல்வார். ஆனால் அவர் நிற்கத்தான் வேண்டும். தமக்கு விளங்காத ஒரு வாக்கியத்தை அக்கா அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவர மாட்டார்.

அவர் மொழிபெயர்ப்பாளர். தொண்ணூறுகளின் பிற்பாதியில் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு அதிகாரிகளும் கம்பனிக்காரர்களும் தொண்டு நிறுவனக்காரர்களும் மாறி மாறி வந்தார்கள். வந்தவர்களில் அநேகர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசினார்கள். உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தமிழ்தான் தெரியும். நடுவில் அக்கா நின்றார். யார் கூப்பிட்டாலும் போவார். ஒரு வாரம் சுகாதாரக் கூட்டம், மறு வாரம் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை, அதற்கடுத்து உரம் விற்கிறவர்களின் கூட்டம்.

நான் அப்போது ஹட்டனில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, டவுனுக்கு வேலைக்கு வந்தவள். அக்காவும் நானும் ஒரு பாமசிக்கு, மருந்துக் கடைக்கு, மேலே இருந்த அறையைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அதனால்தான் அக்கா.

அவரோடு ஓர் அறையில் இருப்பது லேசான காரியமல்ல. சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே எழுந்துபோவார். முந்தின நாள் யாரோ சொன்ன ஒரு சொல் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கும். அகராதியில் இருக்கும் அர்த்தம் அவருக்குப் போதாது. கீழே பாமசிக்காரரிடம் கேட்பார், பஸ் கண்டக்டரிடம் கேட்பார். ஒருமுறை ஓர் உரக் கம்பனிக்காரர், விவசாயிகளும் நாங்களும் பங்காளிகள் என்று சொல்லும்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு மீன்கடைக்குப் போனார். பங்காளி என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். மீன்காரர் கத்தியை நிறுத்தாமலே, "காணிக்காகக் கோட்டு, கேசுன்னு போறவன்" என்றார். மறுநாள் கூட்டத்தில் அக்கா 'கூட்டாளி' என்று மாற்றிச் சொன்னார். அதுவும் சரியில்லை என்று திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பினார்.

றொசல்லயில் ரயில் பாதையை ஒட்டிய லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் என்று மட்டும் எனக்குத் தெரியும். அப்பா கினிகத்தேனையில் ஒரு சிங்கள முதலாளியின் கடையில் மூட்டை இறக்கினார். அந்தக் கடையின் பின்கட்டில் முதலாளியின் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததில் சிங்களம் வந்தது. ஆங்கிலம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் கிடைக்கும். கன்னியாஸ்திரிகள் என்பார், ரேடியோ என்பார். ஒரு தடவை, கோபத்தில் படித்தேன் என்றார்.

அவருடைய குணம் எவ்வளவு பயமுறுத்தக்கூடியது என்பதை நான் ஒரு பஸ்ஸில்தான் முதலில் பார்த்தேன். யுத்த காலம். கினிகத்தேனைக்கு இந்தப் பக்கம் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு தோட்டத்துப் பையன், இருபது வயதுக்குள்தான் இருக்கும், அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றான். கொழும்புக்கு எதற்குப் போகிறாய் என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். பையனுக்கு அவ்வளவுதான் விளங்கியது. "சும்மா போறேன்" என்றான். பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்து, என்ன சொல்கிறான் என்று சிப்பாய் கேட்டான்.

சும்மா என்பதற்குச் சிங்களத்தில் நேரான சொல் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அதைச் சொல்லியிருப்பார்கள். யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் கொழும்புக்குச் சும்மா போவதாகச் சொன்னால் அவனை லொறியில் ஏற்றிவிடுவார்கள். அக்கா கையை உயர்த்தினார். துப்பாக்கி வைத்திருந்த அந்தச் சிப்பாயிடம், கொஞ்சம் பொறுங்கள் என்றார். பையன் பக்கம் திரும்பி, "சும்மான்னா என்னப்பா? வேல தேடியா, சொந்தக்காரங்க வீட்டுக்கா?" என்று கேட்டார். அவனுடைய மாமா ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறாராம், அங்கே பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமாம். கடை இருக்கும் தெருவின் பெயரைக்கூடக் கேட்டு வாங்கி, அதைத்தான் சிப்பாயிடம் சொன்னார். பையனைப் போகவிட்டார்கள். பஸ்ஸில் ஏறியதும் ஒரு பெரியவர் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொருவர், இந்தப் பொம்பளையோடு ஒரே பஸ்ஸில் வரக்கூடாது என்று முணுமுணுத்தார். இரண்டு பேருடைய மனமும் எனக்குள் இருந்தது.

விதைக் கம்பனிக்காரர்கள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதல் கூட்டம் கோவா, அதாவது முட்டைக்கோஸ் விதையைப் பற்றியது. கம்பனியிலிருந்து வந்தவர், ஐயா என்ற அர்த்தத்தில் எல்லோரும் மாத்தயா என்று கூப்பிட்ட நல்ல பழக்கமுள்ள இளைஞர், இந்த விதையில் நோய் வராது என்றார். அக்கா நிறுத்தினார். வரவே வராதா, குறைவாக வருமா என்று கேட்டார். மாத்தயா சிரித்துவிட்டு, குறைவாக வரும் என்றார். அக்காவும் அப்படியே சொன்னார். கம்பனி அவரை இனிக் கூப்பிடாது என்றுதான் நான் நினைத்தேன். நடந்தது வேறு. மற்றத் தோட்டங்களைவிட அந்தத் தோட்டத்தில் விதை அதிகமாகப் போனது. குறைவாக வரும் என்று சொன்னதால்தான் ஆட்கள் நம்பினார்கள். மாத்தயா கெட்டிக்காரர், அதைக் கண்டுகொண்டார். அடுத்த கூட்டத்துக்கு அறைக்கே வாகனம் அனுப்பினார்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "என்னோட சந்தேகத்தையே வித்துட்டாங்க" என்றார். ஆனாலும் போனார்.

பிறகு கிழங்குத் திட்டம் வந்தது. ஒரு தோட்டத்தில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்ட ஒரு சரிவு சும்மா கிடந்தது. தோட்ட நிர்வாகம் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, லயத்துக் குடும்பங்களுக்கு உருளைக்கிழங்கு போடக் கொடுத்தது. விதைக்கிழங்கும் மருந்தும் விதைக் கம்பனியுடையது. விளைந்ததைக் கம்பனியே வாங்கிக்கொள்ளும். மலையில் கிழங்கு போடுகிறவர்களுக்கு இலை கருகும் நோய்தான் எமன். இரண்டு நாள் பனியும் தூறலும் சேர்ந்தால் பாத்தி முழுக்கக் கறுத்துவிடும். இந்தப் புதுக் கிழங்கு அதைத் தாங்கும் என்றார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கிழங்கு ஒரு வாசல் மாதிரி. முதல் தடவையாகத் தங்கள் பேரில் கொஞ்சம் நிலம்.

கூட்டம் பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகிற மண்டபத்தில் நடந்தது. அங்கே மாத்தயா போகிற போக்கில் ஒன்று சொன்னார். இந்தக் கிழங்கிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை வைக்க முடியாது. அக்கா மொழிபெயர்த்தார்: "இதுல விதைக்கு வைக்க முடியாதுன்னு சொல்றாரு."

திரும்பி வரும்போது அவர் வழக்கத்தைவிட அதிகமாக நிலைகொள்ளாமல் இருந்தார். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. டவுனுக்கு வெகு தூரம் முன்னாலேயே மணியடித்து இறங்கிவிட்டார். நானும் பின்னால் இறங்கினேன். மழை தூறியது. என்ன அக்கா என்றேன்.

"அவரு சொன்ன வார்த்த ரெண்டுக்கும் பொருந்தும்" என்றார். "வைச்சா மொளைக்காதுன்னும் அர்த்தம். மொளைக்கும், ஆனா வைக்க விடமாட்டோம்னும் அர்த்தம். சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும் அந்த ஒரே வார்த்தய வச்சிக்கிட்டு ஓட்டிரலாம். நம்மகிட்ட ரெண்டு இருக்கு. முடியாது, கூடாது. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். அவரு எதச் சொன்னாருன்னு எனக்கே தெரியாது."

அதில் என்ன இருக்கிறது, எப்படியும் வைக்கப் போவதில்லையே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் குடையை விரிக்கக்கூட மறந்துபோனேன்.

அந்தக் காலத்தில்தான் மரபணு மாற்றிய பயிர்கள் என்ற பேச்சு பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. தடை செய்யப் போகிறோம் என்றார்கள், தள்ளிப்போடுகிறோம் என்றார்கள். வெளிநாட்டுக் கம்பனிகள் நெருக்குகின்றன என்று ஒரு பக்கம் எழுதியது. விஞ்ஞானத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் என்று மறுபக்கம் எழுதியது. லயங்களுக்கு அந்தப் பேச்சு வந்து சேர்ந்தபோது அது "மாத்துன வெத" என்று ஆகியிருந்தது. கம்பனி கொடுத்த கிழங்கும் மாத்தின விதைதான் என்று ஒரு கதை கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. எங்கள் நிறுவனத்துக்கும் அந்தக் கதை வசதியாக இருந்தது. ஹட்டனில் ஒரு மண்டபம் எடுத்து விவாதக் கூட்டம் வைத்தோம். எதிர்ப்பவர் ஒருவர், கம்பனி மாத்தயா, இரண்டு பேரும் பேசுவது, கேள்வி கேட்பது. மொழிபெயர்க்க அக்காவைவிட்டால் ஆளில்லை. மூன்று லொறிகளில் தோட்டத்து ஆட்கள் வந்திறங்கினார்கள்.

எதிர்த்துப் பேச வந்தவர் கொழும்பிலிருந்து வந்த சிங்களவர். வயலுக்கும் விவசாயிக்கும் என்று உண்மையாகவே அலைந்து தேய்ந்த மனிதர். அவர் பேசப் பேச மண்டபம் அவரோடு போனது. விதையை இழந்தவன் அடிமை என்றார். அக்கா தடையில்லாமல் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு அவர், இந்த உணவைத் தின்றால் உங்கள் பெண்கள் மலடாவார்கள் என்றார்.

அக்காவின் கை உயர்ந்தது.

அந்தச் சொல் அந்த மண்டபத்தில் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். கருத்தடை ஆபரேஷனுக்கு லொறியில் ஏற்றிக் கூட்டிப்போன கதைகள் இல்லாத லயம் கிடையாது. முன்வரிசையிலேயே அப்படிப் போய் வந்தவர்கள் இருந்தார்கள். அக்கா சிங்களத்தில் அவரிடம், அப்படி எங்கேயாவது நடந்திருக்கிறதா என்று கேட்டார். நடந்த பிறகு சொல்லி என்ன பயன் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவருடைய குரலிலும் உண்மை இருந்தது.

அக்கா சபையைப் பார்த்துத் திரும்பினார். "இதச் சாப்புட்டா பொம்பளைங்களுக்குப் புள்ள தங்காம போயிருமோன்னு இவரு பயப்படுறாரு. அப்படி எங்கயும் நடந்திருக்கான்னு நான் கேட்டேன். நடந்த பொறகு சொல்லி என்ன பிரயோசனம்னு கேக்குறாரு."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பரவியது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தான் எறிந்த கல் போய் விழவில்லை என்பது தெரிந்துவிட்டது. எங்கள் இயக்குநர் மேடையோரத்திலிருந்து என்னைப் பார்த்து, என்ன இது என்று கண்ணால் கேட்டார். நான் என்ன செய்வது?

அடுத்துக் கம்பனி மாத்தயா. விதை வைக்க முடியாது என்ற அதே வாக்கியத்தை அவர் மறுபடியும் சொன்னார். அக்கா நிறுத்தி, முடியாதா கூடாதா என்று கேட்டார். அவர் அதே சொல்லைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். இன்னொரு தடவை கேட்டார். அவர் ஆங்கிலத்துக்கு மாறி அதையே சொன்னார். அக்கா சபையிடம், "மாத்தி மாத்திக் கேட்டுட்டேன். ரெண்டுக்கும் பொருந்துற மாதிரியேதான் சொல்றாரு" என்றார். சிரிப்பு எழுந்தது. மாத்தயாவின் காது சிவந்தது.

அப்போதுதான் மாரியாயி எழுந்தாள். கிழங்குத் திட்டத்தில் துண்டு எடுத்திருந்த கொழுந்துக்காரி, நாற்பது வயது இருக்கும். எங்களுக்குக் கொடுத்திருப்பது அந்த மாத்தின கிழங்குதானா என்று கேட்டாள். மாத்தயா யோசித்துவிட்டு, எங்கள் கம்பனி நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறது என்றார். அக்கா அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல" என்று சேர்த்தார்.

கூட்டம் முடிந்து கதிரைகளை மடிக்கும்போதே இரண்டு கதைகள் ஓட ஆரம்பித்துவிட்டன. கம்பனியிடம் காசுக்குக் கைநீட்டிவிட்டாள் என்பது ஒன்று. கம்பனியை ஒழிக்கத் தொண்டு நிறுவனம் அவளை ஏவிவிட்டது என்பது மற்றது. எங்கள் இயக்குநர் என்னிடம், உன் அக்காவுக்கு மொழிபெயர்க்க மட்டும் சொல்லு என்றார். அன்று மாலை நான் அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். எனக்கும் கோபந்தான். நாங்கள் மாதக்கணக்காகச் சேர்த்த கூட்டம் அது. அவர் உடுப்பு மடித்துக்கொண்டே, "மொழிபெயர்க்கத்தானே செஞ்சேன்" என்றார்.

ஆனால் அந்தக் கேள்விகளை அவரால் விடமுடியவில்லை. அடுத்த வாரமே நுவரெலியாப் பக்கத்து அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே கிழங்குப் பிரிவில் இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர். காலில் சேறோடு வந்தார். அக்கா கம்பனிக் கிழங்கின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது, மரபணு மாத்தினதெண்டு? இது சாதாரண கலப்பினம். நாங்கள்தான் இஞ்ச நட்டுப் பாத்தனாங்கள்."

அப்படியென்றால் கம்பனிக்காரர் ஏன் இல்லை என்று சொல்லவில்லை என்று நான் கேட்டேன். அந்தப் பொடியனுக்கே தெரிந்திராது, மேலே இருந்து வாயைத் திறக்காதே என்று சொல்லியிருப்பார்கள் என்றார். அக்கா தம்முடைய கேள்வியைக் கேட்டார். விதைக்கு வைக்க முடியுமா? ஒரு போகம், இரண்டு போகம் தாராளமாக வைக்கலாம், பிறகு நோய் சேர்ந்து விளைச்சல் குறையும், எல்லாக் கிழங்கும் அப்படித்தான் என்று அவர் சொன்னார். வைக்கவிடாதது கம்பனியின் நிபந்தனை. கிழங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இயக்குநருக்குச் செய்தி போனது. இதை இப்போது வெளியே சொல்ல வேண்டாம் என்றார். மரபணு என்ற பயம்தான் ஆட்களை ஒன்றுசேர்த்திருக்கிறது, அது போனால் கம்பனியை எதிர்க்க யார் வருவார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயமில்லாத கேள்வி அல்ல. அக்கா, நான் உங்கள் சம்பளக்காரி இல்லை என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறிப் போனார். பிள்ளை மடுவத்தில் பெண்களைக் கூட்டி வைத்து மூன்று விஷயங்களையும் சொன்னார். இது மாத்தின விதை இல்லை. வைத்தால் முளைக்கும். ஆனால் வைக்கக் கூடாது என்பது கம்பனியின் நிபந்தனை.

ஆட்கள் நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஏழெட்டுக் குடும்பங்கள் சின்னக் கிழங்குகளைப் பொறுக்கி, சாக்கில் கட்டி, கட்டிலுக்கடியில் வைத்தார்கள். அடுத்த போகத்தில் நட்டார்கள். நன்றாகவே முளைத்தது. பச்சை இலையைப் பார்த்த சந்தோஷத்தில் அதை யாரும் மறைக்கவும் இல்லை. கம்பனியின் கள ஆள் வந்து பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். போகம் முடிந்ததும் அந்தக் குடும்பங்களின் துண்டுகள் வேறு ஆட்களுக்குப் போயின. மாரியாயியின் துண்டும் போனது.

ஒரு நாள் விடியற்காலை மாரியாயி எங்கள் அறைக்கு வந்தாள். கதிரை போட்டேன், உட்காரவில்லை. அழவில்லை, சத்தம் போடவும் இல்லை.

"மிஸ், நீங்க சொன்னது பொய்யா?"

"இல்ல மாரியாயிக்கா."

"அப்ப ஏன் எங்க நெலம் போச்சு?"

கூடாது என்பதையும் சொன்னேனே என்று அக்கா சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. சொல்லவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, வாங்க போவோம் என்றார்.

நானும் போனேன். தோட்ட அலுவலகத்துக்கு முன்னால் அந்த ஏழெட்டுக் குடும்பத்துப் பெண்களும் கூடியிருந்தார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை வெளியே வந்தார். சிங்களவர், இளவயது. அவருக்குத் தமிழ் தெரியும். வா, போ, கொழுந்து, பெரட்டு, நாளைக்கு. அந்தத் தமிழில் அவர், "நான் பாக்குறது, நீங்க போ" என்றார். அக்கா சிங்களத்தில், உங்கள் மொழியிலேயே பேசுங்கள், நான் சொல்கிறேன் என்றார். துரைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தன் மொழிக்கு மாறியதும் அவருக்கு வேறு வழியில்லாமல் போனது. முழு வாக்கியங்களாகப் பேச வேண்டியிருந்தது. நிலம் தோட்டத்துடையது, விதைக் கம்பனி விளைச்சலை வாங்குகிறவன் மட்டும்தான் என்றார்.

அக்காவின் கை உயர்ந்தது. அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். அக்கா பெண்களிடம், "நெலம் தோட்டத்தோடதாம். கம்பனி வாங்குறவன் மட்டுந்தானாம். அப்ப ஒங்க துண்ட எடுக்கச் சொன்னது யாருன்னு கேக்கவா?" என்றார்.

"கேளுங்க மிஸ்" என்றாள் மாரியாயி.

அக்கா கேட்டதும் துரை உள்ளே போய்விட்டார். பெண்கள் அலுவலகப் படியில் உட்கார்ந்தார்கள். பகல் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்திலும் ஒருத்தியும் எழும்பவில்லை. நிறுவைக் கொட்டிலில் கொழுந்து குறைந்தது என்று கணக்கப்பிள்ளை வந்து துரையின் காதில் சொன்னார். பின்னேரம் துரை ஒரு முடிவோடு வந்தார். பழைய மேட்டுத் துண்டுகளைத் திருப்பித் தர முடியாது. ஓடைப் பக்கத்துச் சரிவில் வேறு துண்டுகள் தருகிறேன். லீக்ஸ் போடலாம், கோவா போடலாம். கிழங்கு கூடாது.

மாத்தயா மாதிரியில்லை, இவர் சந்தேகத்துக்கு இடமில்லாத சொல்லைத்தான் சொன்னார். அக்கா கையை உயர்த்தவில்லை. அப்படியே சொன்னார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடைப் பக்கம் வெயில் விழாத இடம், பன்றியும் வரும். எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு எங்கள் பக்கம் வேலை இல்லாமல் போனது. விதைக் கம்பனி கூப்பிடவில்லை. எங்கள் நிறுவனமும் கூப்பிடவில்லை. தொழிற்சங்கக்காரர்கள்கூட, அந்த அம்மா வந்தால் பேச்சு நீளும் என்றார்கள். சுனாமிக் கடல்கோளுக்குப் பிறகு கிழக்கில் முகாம்களில் மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள், அங்கே போனார். கொஞ்ச நாள் தொலைபேசியில் பேசினோம். பிறகு எண் வேலை செய்யவில்லை. கிழங்குத் திட்டமும் சில போகங்களில் படுத்துவிட்டது. கம்பனி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. மரபணு விதை நல்லதா கெட்டதா என்று பத்திரிகைகளில் இப்போதும் எழுதுகிறார்கள். நான் வாசிக்கிறேன். ஒவ்வொரு பந்தியிலும் எங்கே நிறுத்திக் கேட்க வேண்டும் என்று மனம் பரபரக்கிறது, எனக்கு அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது.

ஆனால் அவரை நினைக்கும்போது மண்டபமோ அலுவலகமோ எனக்கு முதலில் வருவதில்லை. அன்று பின்னேரம் துரையின் அலுவலகத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கி வந்த வழிதான் வருகிறது. மாரியாயி எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா வேகமாக முன்னால் நடந்தார். மாரியாயி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மிஸ், இத்தன நாளா அவரு சொல்றாரு, இவரு சொல்றாருன்னு சொன்னீங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்க? அந்த மாத்துன வெத நல்லதா, கெட்டதா?"

அக்கா நின்றார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஓர் அறையில் இருந்த நானும் கேட்டதில்லை.

"திங்கிறதுக்கு எனக்குப் பயமில்லக்கா" என்றார். "நாளைக்கு யாராச்சும் அவிச்சுக் குடுத்தா சாப்புடுவேன். ஆனா இத மட்டுந்தான் நடணும், நான் சொன்னபடிதான் நடணும்னு ஒருத்தன் வந்து நின்னா, அது எந்தக் கெழங்கா இருந்தாலும் எனக்குப் பயந்தான்."

மாரியாயி தலையாட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தாள்.

"இத அன்னைக்கு மடுவத்துலயே சொல்லியிருக்கலாம்ல மிஸ். எங்களுக்கு வெளங்கியிருக்கும்."

"நான் கேட்டு வந்ததத்தான் சொன்னேன். என்னோட எண்ணத்த நான் கலக்கல."

"அது சரி" என்றாள் மாரியாயி. "ஆனா நாங்க ஒங்க மொகத்தப் பாத்துத்தானே நட்டோம்."

அவள் குற்றம் சொல்வது போலச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். வீதிக்கு வந்தபோது ஹட்டன் பஸ் திருப்பத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கண்டக்டர் கதவில் தொங்கியபடி ஏறச் சொல்லி அவசரப்படுத்தினான். அக்கா ஏறவில்லை. மற்றவர்களிடமும் பேசிவிட்டு வருகிறேன், நீ போ என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாரியாயியோடு லயத்துப் பக்கம் திரும்பி நடந்தார்.